பாறைக்கெல்லாம் வயது சொன்னவரின் வயது

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலை. மூன்றாவது உளுந்த வடையை எடுப்பதா, சர்க்கரை டாக்டரின் முகத்தை நினைத்து விட்டுவிடுவதா என்று நான் தர்மசங்கடத்தில் இருந்தபோது போன் அடித்தது. தென்காசியில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி மூன்றையும் ஒரே பகலில் அடித்துக் கொடுக்கிறவர். கொஞ்சம் அசந்தால் படங்களை மாற்றியும் போட்டுவிடுவார்.

"அண்ணாச்சி, நம்ம கல்லு சாருக்கு வயசு என்ன போடணும்?"

எதுக்குவே வயசு, பாராட்டு விழாவா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை நிறுத்தினார். பிறகு, ஒங்களுக்குச் சேதி வரலையா என்று மெதுவாகக் கேட்டார். அந்த வடையை நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன் என்கிறாள் மனைவி. நான் அப்படிப்பட்டவனில்லை என்று சொல்ல ஆசைதான்.

குற்றாலிங்கம் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கு என்னைப் போலவே இது போனில்தான் வந்திருக்கும். வந்ததும் நம்ப மறுத்திருப்பீர்கள். ஆனால் பிளெக்ஸ் கடைத் தம்பியின் கேள்விக்கு உங்களில் யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. பள்ளிக்கூடச் சான்றிதழ்ப்படி அவருக்கு அறுபத்தேழு. அந்தக் காலத்து வாத்தியார்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஜூன் மாதத்தில் பிறக்க வைத்தார்களே, அந்தக் கணக்கு. சார் வீட்டு மதினியைக் கேட்டால் ஜாதகத்தில் அறுபத்தெட்டு. அவருடைய அண்ணன் சண்முகவேல் அண்ணாச்சியைக் கேட்டால், அதெல்லாம் இல்லை, அறுபத்தொன்பது, இவன் பிறந்த அன்று நான் பள்ளிக்கூடம் போகாமல் தப்பித்தேன், எனக்குத் தெரியாதா என்கிறார். கோடி கோடி வருஷத்துப் பாறைக்கெல்லாம் வயது சொன்ன மனிதருக்கு ஒரு வயது போட முடியாமல் ஊர் முழித்துக்கொண்டு நின்றது. அவர் இருந்திருந்தால் ரொம்ப ரசித்திருப்பார்.

எனக்கு இரங்கல் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. வாரப் பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். நான் எழுதினால் இறந்தவரைத் தவிர எல்லாரும் கோபித்துக்கொள்வார்கள் என்று வீட்டில் எச்சரித்திருக்கிறார்கள். அந்த ஒருவர் கோபிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அவரை முதலில் பார்த்தது குற்றாலம் ஐந்தருவியில், அதுவும் கோடையில். கோடையில் ஐந்தருவிக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, சீசன் எப்போது என்று தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள். இன்னொன்று, தண்ணீரில்லாத அருவியைப் பற்றி நக்கலாக ஒரு கட்டுரை தேற்ற முடியுமா என்று அலையும் என் போன்றவர்கள். மூன்றாவது வகையாக ஒரு மனிதர், கூட்டம் குளிக்கிற இடத்துப் பாறையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். கண்ணில் ஒரு சின்ன லென்ஸ். மூக்கு பாறையில் முட்டிக்கொண்டிருந்தது.

சீசனில் குளிக்கிறவர்கள் செயின், மோதிரம், பல்செட் எல்லாவற்றையும் அருவியில் விட்டுவிட்டுப் போவதும், தண்ணீர் வற்றியதும் சிலர் வந்து இடுக்குகளைத் துழாவுவதும் நமக்குத் தெரிந்ததுதான். இவரும் அந்த ஆள் என்று முடிவுகட்டி, இரண்டு பேராகத் தேடினால் சீக்கிரம் கிடைக்குமே என்ற நல்லெண்ணத்தோடு நானும் பக்கத்தில் போய்க் குப்புறப் படுத்தேன். கிடைத்தால் பாதி என்று மனதுக்குள் ஒரு நியாயமும் வைத்துக்கொண்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. லென்ஸை என்னிடம் நீட்டி, கறுத்த பாறையின் குறுக்கே ஓடிய ஒரு வெள்ளைப் பட்டையைக் காட்டினார்.

"இதுல எதுவே மூத்தது, வெள்ளையா கறுப்பா?"

தெரியாது என்றேன். மொத்தப் பாறைக்கும் ஒரே வயசுதானே இருக்கும் என்றும் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். வாழைப்பழத்தைக் கத்தி வெட்டணும்னா முதலில் வாழைப்பழம் இருக்கணுமா வேண்டாமா என்று கேட்டார். வெட்டுப்பட்டது மூத்தது, வெட்டிக்கொண்டு போனது இளையது. பாறை இறுகிக் கிடந்தபோது விரிசலில் உருகின குழம்பு புகுந்து ஆறிப்போனதுதான் அந்த வெள்ளைப் பட்டை. இது ஒரு மிஷினும் வேண்டாத கணக்கு என்றார். தண்ணீர் விழுகிற நாளில் ஊரே அருவியைப் பார்க்க வரும், தான் மட்டும் தண்ணீர் இல்லாத நாளில் அருவிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வருவதாகச் சொன்னார். சிப்ஸ் கடைக்காரர்கள் அவரைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயத்தை இங்கே எழுத வேண்டாம். எனக்கும் அன்று அதே அபிப்பிராயம்தான். ஆனாலும் செயின் தேடப் போனவன் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இலத்தூரில் பிறந்தவர். வடக்கே எங்கேயோ ஒரு ஆய்வுக்கூடத்தில் பாறைகளின் வயதை அளப்பதே வேலையாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் தென்காசியில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். பெரிய கோபுரத்தைப் பார்த்தால் எல்லாரும் கும்பிடுவோம். அவரும் கும்பிடுவார், ஆனால் கிட்டே போய்ச் சுவர்க் கல்லைக் கொஞ்சம் தடவிவிட்டுத்தான் கும்பிடுவார்.

செங்கோட்டைச் சாலையில் ஒரு பரோட்டாக் கடைதான் எங்கள் சபை. அங்கே வைத்து ஒருநாள் நான் என் அறிவைக் காட்டினேன். படித்திருக்கிறேன் சார், அடியில் இருக்கிற அடுக்கு மூத்தது, மேலே இருப்பது இளையது, அவ்வளவுதானே என்றேன். அவர் சால்னாவை ஊற்றிக்கொண்டே சொன்னது:

"அது தோசை அடுக்குக்குச் சரிவே. அடியில உள்ளது முதல்ல சுட்டது. நம்ம ஊரு பாறை தோசை இல்ல, பரோட்டா. பிசைஞ்சு, வீசி, சுருட்டி, தட்டி, போட்டு அடிச்சிருக்கு. இதுல எது அடி, எது மேலுன்னு மாஸ்டருக்கே தெரியாது."

அப்படியானால் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். அன்றுதான் ஜிர்கான் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பாறைக்குள் கிடக்கிற, கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகம். அது உண்டாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஆனால் ஈயத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். உள்ளே போன யுரேனியம் சும்மா இருக்காது. ஒரு மாறாத வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாகிக்கொண்டே இருக்கும். அவசரப்படுத்தினாலும் கேட்காது, கெஞ்சினாலும் நிற்காது. ஆகவே ஜிர்கானுக்குள் ஈயம் இருந்தால் அது வெளியிலிருந்து வந்த விருந்தாளியில்லை, வீட்டுக்குள்ளேயே பிறந்தது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் பிறந்திருக்கிறது என்று அளந்தால் வீடு பூட்டி எவ்வளவு காலமாகிறது என்று தெரிந்துவிடும். இதற்காக ஒரு சாக்குக் கல்லை உடைத்து, பொடித்து, சலித்து, கழுவி, காந்தம் வைத்து இழுத்து, கடைசியில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தேறும் பொடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார்களாம். ஒரு வெள்ளிக்கிழமை அப்படிப் பொறுக்கி முடித்த நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர் தும்மிவிட்டார் என்றும், அவரோடு தான் தீபாவளி வரை பேசவில்லை என்றும் சொன்னார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மலை பல தடவை வெந்தது, நசுங்கியது என்கிறீர்களே, அந்தச் சூட்டில் கடிகாரம் நின்றுபோகாதா?

அவர் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தார். நான் அந்த வாரம்தான் சாயம் அடித்திருந்தேன்.

"கல்லுல மினுங்குத மைக்கா இருக்குல்லா, அது உம்ம தலைமுடி மாதிரி. நல்லாச் சூடேறினா பழசெல்லாம் மறந்துரும், ஆறினதுக்குப் பொறவு புதுசா எண்ண ஆரம்பிக்கும். ஜிர்கான் உம்ம முழங்கால் மாதிரி. அது ஒண்ணையும் மறக்காது."

கடை முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆனால் விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. ஒரே கல்லில் மைக்காவைக் கேட்டால் கடைசியாக எப்போது ஆறினேன் என்று சொல்லும், ஜிர்கானைக் கேட்டால் எப்போது பிறந்தேன் என்று சொல்லும். ஜிர்கானிலேயே நடுவில் ஒரு வயது இருக்கும், பிற்பாடு சூட்டில் மேலே படிந்த ஓரத்துக்கு இன்னொரு வயது இருக்கும். நம் மேற்கு மலைக் கற்களில் ஓரத்துக்கு ஐம்பது கோடிக்கு மேல், நடுவுக்குச் சிலசமயம் இருநூறு கோடியை ஒட்டி. அதனால்தான் யாராவது, சார் இந்தக் கல்லுக்கு என்ன வயசு என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். "எதுலேருந்து எண்ணச் சொல்லுதீரு?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவருக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிடும்.

இனி இலத்தூர் விவகாரம். உங்களில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்லித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆகையால் கொஞ்சம் கூட்டித்தான் கேட்டிருப்பீர்கள். இன்று கூட்டாமல் சொல்கிறேன்.

இலத்தூரில் குளத்துக்கரை வேப்பமரத்தடியில் இரண்டு கல் நிற்கின்றன. சிற்பம் கிடையாது. முழங்கால் உயரம், எண்ணெய், சந்தனம், அவ்வளவுதான் சாமி. கறுப்புக் கல் மேலத்தெருக்காரர்களின் குலசாமி. வெளுத்து, உடம்பெல்லாம் செம்புள்ளி போட்ட கல் கீழத்தெருக்காரர்களின் குலசாமி. எந்தக் கல் முதலில் வந்ததோ அந்தத் தெருவுக்குக் கொடைத் திருவிழாவில் முதல் பரிவட்டம். எது முதலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதால் கொடையே வருஷக்கணக்காக நின்றுபோயிருந்தது. சண்டை பரிவட்டத்துக்கு மட்டும்தான். இரண்டு தெருவும் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் மேலத்தெரு சண்முகவேல் அண்ணாச்சியின் ஒரே மகள் கோமதிக்கும், கீழத்தெரு வேல்முருகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோமதி தென்காசியில் கணக்கு டீச்சர். வேல்முருகன் ராணுவத்தில், பனி கொட்டுகிற ஏதோ ஓர் எல்லையில். லீவு இருக்கிற நாளுக்குள் தாலி கட்டியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன் கொடை கொடுத்துவிடுவது நல்லது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். கொடை கொடுக்க வேண்டுமானால் கல் பஞ்சாயத்து தீர வேண்டும். கல்லுக்கு வயது சொல்கிறவர்தான் ஊரிலேயே இருக்கிறாரே என்று அண்ணாச்சியின் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

மேலத்தெரு ஆளை எதிர்க்கட்சி எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் ஒரு மோதிரம். சண்முகவேல் அண்ணாச்சி பரம்பரை மாணிக்கம் என்று ஒரு மோதிரத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தார். சொந்தத் தம்பி, ஒரு கல்யாணப் பந்தியில், லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, இது மாணிக்கம் இல்லண்ணே, கார்னெட், நம்ம ஓடையிலேயே பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அந்தப் பந்தியிலிருந்து பாயசத்துக்கு முன்பே எழுந்து போனார். அன்றிலிருந்து கீழத்தெருவுக்குக் குற்றாலிங்கம் சார் மேல் அபார நம்பிக்கை.

கீழத்தெருத் தரப்பில் பேசியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ஆவுடையப்பன். ரிட்டயர்டு ஏட்டு. வெந்நீர் ஆறிப்போனாலும் விசாரணை வைப்பார். சார் முதலிலேயே அவரிடம் தெளிவாகச் சொன்னார்: நீங்கள் கேட்பது கல்லின் வயது இல்லை, கல் இங்கே வந்து நின்ற வயது. அது கல்லுக்கே தெரியாது. ஏட்டையா யோசித்துவிட்டு, சாட்சிக்கு எது தெரியுமோ அதைச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்க பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

சரி, அளப்பதற்கு இரண்டு கல்லிலும் ஒரு துண்டு வேண்டும் என்றார் சார். துண்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பொடிப்போம் என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. சாமியையா என்று கூட்டம் எழுந்து நின்றது. கடைசியில் சாமியிடமே பூக் கேட்பது என்று ஆயிற்று. இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி எடுத்ததில் சிவப்பு வந்தது. சார் துளிகூட வருத்தப்படவில்லை. ஆளைத் தொட வேண்டாம், ஆள் பிறந்த ஊரைப் பார்ப்போம் என்று ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் நான். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஊர்ச் சண்டை நடக்கிறபோது வீட்டில் உட்கார்ந்திருக்கிற சுபாவம் எனக்கு அமையவில்லை.

மலையடிவாரத்தில் பாதைக்காகப் பாறையை அறுத்துவிட்ட ஓர் இடத்தில் அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தம் போடாமல் நின்றார். நான் பாம்போ என்று பயந்தேன். பாறை முழுக்க வெளுப்பு, செம்புள்ளி. நடுவில் அங்கங்கே எண்ணெய் ஊறின மாதிரிக் கறுத்த திட்டுகள். இரண்டு சாமியும் ஒரே சுவரில் இருந்தார்கள்.

மறுநாள் இரண்டு தெருவையும் லோடு ஆட்டோக்களில் ஏற்றி அங்கே கொண்டுவந்தார். பாட்டில் தண்ணீரைப் பாறையில் ஊற்றித் துடைத்தார். வெளுத்த பாறையில் மெல்லிய கோடுகள் ஓடுவது தெரிந்தது. அந்தக் கோடுகளைக் கறுப்புக்குள்ளேயும் விரலால் பின்தொடரச் சொன்னார். கோடு உடையவில்லை, வளையவில்லை, அப்படியே உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. அருவியில் பார்த்த பட்டை மாதிரி இது வெளியிலிருந்து வந்து புகுந்ததில்லை. மண்ணுக்குள் ரொம்ப ஆழத்தில் கிடந்தபோது விரிசல் வழியாகச் சூடும் ஆவியும் ஏறி, வெள்ளைப் பாறையே அங்கங்கே கறுப்பாக மாறிவிட்டது. அப்பம் சுடும்போது ஓரம் கருகுகிற மாதிரி என்றார். எங்க சாமியைக் கருகல் என்கிறாயா என்று அவருடைய அண்ணனே குரலை உயர்த்தினார். அதைச் சமாதானப்படுத்துவதற்குள் ஏட்டையா முன்னால் வந்துவிட்டார். ஆக, ரெண்டும் ஒரே கல்லா என்று கேட்டார். ஒரே கல்தான் என்றார் சார், சந்தோஷமாக.

"ஒரே கல்லுன்னா ஒரே சாமி. ஒரே சாமின்னா பங்காளி. பங்காளிக்குள்ள எப்படிவே பொண்ணு எடுக்கது?"

இதுவரை கட்டினது தெரியாமல் கட்டினது, தெரிந்தே கட்டினால் குற்றம் என்று இரண்டு தெருப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. இது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஐம்பது கோடி வருஷத்துக்கு முன் மனுஷனே இல்லை, பங்காளி எங்கிருந்து வந்தான் என்று சார் வாதாடிப் பார்த்தார். மனுஷன் இல்லாவிட்டால் என்ன, சாமி இருந்ததே என்றார்கள். நான்கூட ஒரு கணம், அதானே என்று நினைத்துவிட்டேன்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் லீவு கரைந்துகொண்டிருந்தது. கல்யாணம் நின்றது.

மறுநாள் சாரைப் பார்க்கப் போனேன். சண்முகவேல் அண்ணாச்சி அங்கே நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கோபம் எல்லாம் வற்றி, கெஞ்சுகிற குரலில் பேசினார்.

"தப்பாப் பாத்துட்டேன், ரெண்டும் வேற கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லு. யாரு வந்து சோதிக்கப் போறா? எம் பொண்ணு வாழ்க்கைடே."

சாரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வேறு என்ன வேண்டுமானாலும் சொல்கிறேன், ஊர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், அதை மட்டும் சொல்ல முடியாதுண்ணே என்றார். அண்ணன் போனதும் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். என்னைக் கேட்டிருந்தால் அந்தப் பொய்யை நான் பரோட்டாக் கடையில் வைத்தே சொல்லியிருப்பேன். சால்னாவுக்கு முன்பே.

சாயங்காலம் கோமதி வந்தாள். அழுது வீங்கின முகம். ஆனால் பேச்சில் டீச்சர் இருந்தாள்.

"சொன்னதை மாத்த வேண்டாம் சித்தப்பா. ஆனா கணக்கு பாதியில நிக்குது. இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்க."

அவர் லென்ஸைத் தேடி எடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, வண்டியில ஏறும்வே என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை என் இடுப்பு மறக்காது. அதுவும் ஜிர்கான் சாதி. இரண்டு தெருவிலும் வாழ வந்த பெண்களின் பிறந்த வீட்டுக் குலசாமிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விசாரித்து, ஒவ்வொரு இடமாகப் போனோம். தோப்புக்குள், கண்மாய்க்கரையில், மலையேற்றத்தில். போன இடமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, பூசாரியிடம் அனுமதி கேட்டு, தொடாமல் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் தலையை மட்டும் ஆட்டுவார். என்ன கல் என்று கேட்டால் சொல்ல மாட்டார். என்னிடம் சொன்னால் அவர் போய்ச் சேர்வதற்குள் ஊருக்குச் சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்ற நியாயமான பயம்.

வேப்பமரத்தடியில் மறுபடி கூட்டம் கூடியது. சார் எழுந்து, முன்னால் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்றமில்லை, ஆனால் அது பாதிதான் என்று ஆரம்பித்தார். நாம் பார்த்த பாறை அந்தச் சரிவோடு நிற்கவில்லை. இந்த மலை நெடுக, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குள்ளும், அதே வெந்த பாறைதான். நாங்கள் போய்ப் பார்த்த குலசாமிகள் எல்லாம், கறுப்போ வெளுப்போ, அந்த ஒரே பாறையின் பிள்ளைகள். ஒரே பாறை என்றால் பங்காளி என்பது சட்டமானால், அந்தச் சட்டப்படி இந்தக் கூட்டத்தில் நடந்த ஒரு கல்யாணமும் தேறாது, இனி எந்தத் திசையில் பெண் பார்த்தாலும் தேறாது. சொல்லிவிட்டு, ரொம்ப மரியாதையாக ஏட்டையாவைப் பார்த்தார். உங்கள் மாமனார் வீட்டுச் சாமி செங்கோட்டைக்கு மேற்கே மலையடியில் இருக்கிறதே, அதையும் பார்த்தேன், கறுப்பும் வெளுப்பும் ஒரே கல்லில் அங்கேயே இருக்கிறது என்றார்.

ஏட்டையா வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி பகவதி ஆச்சி எழுந்தார். செங்கோட்டைக்காரர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷனை நேராகப் பார்த்தார்.

"கொள்ளாம், நல்லா இருக்கு. அப்ப நான் இத்தன வருசமா அண்ணனுக்கா சோறு பொங்கிப் போட்டேன்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான் இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன். ஏட்டையா மீசையைத் தடவினார், வேப்பமரத்தைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். கடைசியில், பங்காளி விவகாரத்தில் முகாந்திரம் இல்லை, கல்யாண வேலையைப் பாருங்கள் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பரிவட்டம் யாருக்கு என்று ஒரு குரல் வந்தது. சாரின் அண்ணன் அவரைப் பார்த்தார். சார் அண்ணனைப் பார்க்காமல் சொன்னார், வெள்ளைதான் முந்தியது, கறுப்பு அதிலிருந்து மாறியது. ஆனால் யார் முதலில் கல்லைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம் ஒருவர் காதிலும் விழவில்லை. கீழத்தெருவுக்கு முதல் பரிவட்டம் என்று ஆயிற்று. சண்முகவேல் அண்ணாச்சி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தார். பிறகு, பெண்ணையே கொடுக்கிறோம், துணியையும் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தோளைக் குலுக்கினார். கொடை நடந்தது. லீவு முடிவதற்கு முன்னால் தாலியும் ஏறியது. பந்தியில் அண்ணன் அந்தக் கார்னெட் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, தம்பி இலைக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார்.

சாரின் காரியமெல்லாம் முடிந்து, அஸ்தி கரைக்கக் குற்றாலம் போனோம். அண்ணாச்சி, கோமதி, வேல்முருகன், நான். அப்புறம் ஐந்தருவிக்குப் போய்க் குளிக்கலாம் என்று அண்ணாச்சிதான் சொன்னார். சீசன் உச்சத்தில் இருந்தது. பஜ்ஜி வாசனை, எண்ணெய் வாசனை, கூட்டம். தண்ணீர் கொட்டிய கொட்டில் பாறை கொஞ்சமும் தெரியவில்லை. நான் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். குறுக்கே ஓடும் அந்தப் பட்டை கையில் தட்டுப்பட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். தட்டுப்படவில்லை. பக்கத்து ஆளின் முதுகுதான் தட்டுப்பட்டது.

அந்த ஆள் வெளியூர். திரும்பி, கோபப்படாமல், இந்த அருவி எத்தனை வருஷமா இருக்கு அண்ணாச்சி என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் சண்முகவேல் அண்ணாச்சி, தலையிலிருந்து தண்ணீர் வழிய வழிய, தம்பியின் குரலில் கேட்டார்.

"எதுலேருந்து எண்ணச் சொல்லுதீரு?"

கேட்டுவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விட்டார். ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை.

பிளெக்ஸில் கடைசியில் வயது போடவில்லை. அண்ணாச்சிதான் வேண்டாம் என்றார். என்ன போட்டாலும் அவன் ஒரு கேள்வி கேட்பான் என்றார். ஆக, அந்தக் கேள்வியை அண்ணன் எடுத்துக்கொண்டார். கணக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதைக் கோமதி முன்பே வைத்திருந்தாள். எனக்கு மிஞ்சியது, பொய் சொல்ல மறுத்த அன்று அவர் வீட்டில் நடுங்கின கை. ஒரு சேதியை நாலு தெருவுக்கு நாலு விதமாகச் சொல்லிப் பழகியவன் நான். இந்தக் கட்டுரையில் எங்காவது கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தோன்றியபோதெல்லாம் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. பெரும்பாலும் கூட்டாமல்தான் எழுதியிருக்கிறேன். வடையைச் சாப்பிட்டேன்.